மூடுல் பதிவுகளைக் கொண்டு தடுமாறும் மாணவருக்குக் கைகொடுப்பது: கல்லூரி ஆசிரியருக்கான முழுமையான வழிகாட்டி

கல்லூரிகள் இணையவழிப் பாடத்துக்குப் பயன்படுத்தும் மூடுல் தளத்தில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், மாணவர் சிலருக்குப் பொறுப்பாளராக இருக்கும் டியூட்டர்களுக்கும் இதை எழுதுகிறேன். மாணவர் எப்போது உள்ளே வந்தார், எதைத் திறந்தார், எந்த அசைன்மென்டை விட்டுவிட்டார், எந்தக் கேள்வியில் சறுக்கினார் என்பதையெல்லாம் மூடுல் குறித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் குறிப்புகளை இன்டர்னல் மார்க் போடும் நேரத்தில்தான் பலர் முதன்முதலாகத் திறக்கிறார்கள். அதற்குள் மாணவர் பாதி செமஸ்டரைத் தொலைத்திருப்பார்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். முதல் நாளே ரிப்போர்ட்டைத் திறக்கிறார்கள். பெயர்களும் எண்களும் வரிசையாக வருகின்றன. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் மூடிவிடுகிறார்கள். ரிப்போர்ட் பார்ப்பது இந்த வேலையின் நடுவில் வரும் படி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் செய்யாவிட்டால் அதில் தெரியும் எண்களுக்குப் பொருளே இருக்காது. ஆகவே, கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

இங்கே சொல்லும் மெனுப் பெயர்கள் மூடுல் 4 வரிசைப் பதிப்புகளில் உள்ளவை. பழைய பதிப்பானால் அதே ரிப்போர்ட்டுகள் பாடத்தின் பற்சக்கரப் பொத்தானுக்குள் இருக்கும்.

1. கையில் இருக்க வேண்டியவை

பாடத்தில் உங்களுக்கு டீச்சர் அனுமதி வேண்டும். டியூட்டர் தன் வார்டுகளை (தன் பொறுப்பில் உள்ள மாணவர்களை) மட்டும் பார்த்தால் போதும் என்றால், அட்மினிடம் சொல்லி ‘நான்-எடிட்டிங் டீச்சர்’ அனுமதி வாங்கி, வார்டுகளைத் தனிக் குழுவாக்கி, குழு முறையை ‘செப்பரேட் குரூப்ஸ்’ என்று வையுங்கள். தேவையில்லாத பெயர்கள் கண்ணில் படாமல் இருப்பது மாணவருக்கும் நல்லது, டியூட்டருக்கும் நல்லது.

அட்மினிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். முதலாவது, லாக், அதாவது யார் எப்போது எதைத் திறந்தார் என்ற பதிவு, எத்தனை நாள் சேமிக்கப்படுகிறது? ‘ஸ்டாண்டர்ட் லாக்’ அமைப்பில் 35 நாள் என்று வைத்திருந்தால், செமஸ்டரின் தொடக்கம் நடுவிலேயே அழிந்துவிடும். குறைந்தது 180 நாளாவது வேண்டும். இரண்டாவது, கிரான் ஒழுங்காக ஓடுகிறதா? பின்னணி வேலைகளை எல்லாம் ஓட்டுவது அதுதான். அது நின்றுபோனால் மின்னஞ்சல் அறிவிப்பு, நிறைவுக் கணக்கு எல்லாம் தாமதமாகும். நீங்கள் மாணவரைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவதாக ஒன்று உங்கள் கையில் இருக்கிறது: வாரத்தில் ஒரு மணி நேரம். அதை டைம்டேபிளில் குறித்து வையுங்கள். நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று விட்டால் மூன்றாவது வாரத்தோடு நின்றுவிடும்.

2. கேள்வியையும் செயலையும் முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு வரி போதும். “இந்த வாரம் யாருடன் பேச வேண்டும்?” என்பது ஒரு கேள்வி. “என் பாடத்தில் எந்த இடம் புரியாமல் போகிறது?” என்பது இன்னொன்று. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், பதில் தெரிந்ததும் யார் என்ன செய்வார் என்று எழுதுங்கள்.

செயலை எழுத முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள். “மாணவர்கள் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள்?” என்று பலர் தொடங்குகிறார்கள். மூடுல் நேரத்தை அளப்பதில்லை. ஒரு பக்கம் திறக்கப்பட்ட கணத்தைக் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 9.10-க்கு ஒரு பக்கத்தையும் 9.50-க்கு இன்னொன்றையும் திறந்த மாணவர் 40 நிமிடம் படித்தாரா, சாப்பிடப் போனாரா என்பது அதற்குத் தெரியாது. அந்த எண் கிடைத்தாலும் அதை வைத்து நீங்கள் செய்யப்போவது ஒன்றுமில்லை.

3. செமஸ்டர் தொடங்கும் முன் பாடத்தை அமையுங்கள்

பாடத்தின் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் நிரப்புங்கள். முடிவுத் தேதியைப் பலர் காலியாக விடுகிறார்கள். மூடுலின் தானியங்கி எச்சரிக்கைகள் பாடம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை இந்தத் தேதிகளை வைத்துத்தான் கணிக்கின்றன.

அடுத்து ‘ஆக்டிவிட்டி கம்ப்ளீஷன்’. ஒவ்வொரு பாடப்பொருளுக்கும் எது நடந்தால் ‘முடித்தார்’ என்று கொள்வது என்பதை நீங்களே தீர்மானிக்கும் இடம் இது. மாணவரே டிக் போட்டுக்கொள்ளும் முறையை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். கட்டங்கள் காலியாக இருப்பது பிடிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் டிக் செய்துவிடுகிறவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. அசைன்மென்டுக்குச் ‘சமர்ப்பிக்க வேண்டும்’, குவிஸுக்கு ‘மதிப்பெண் பெற வேண்டும்’, ஃபோரத்துக்கு ‘ஒரு பதிலாவது எழுத வேண்டும்’ என்று வையுங்கள். பிடிஎஃப் போன்றவற்றுக்குத் ‘திறந்து பார்க்க வேண்டும்’ போதும். ஆனால் அதற்கு அதிக எடை கொடுக்காதீர்கள்.

இதைத் தொடக்கத்திலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாணவர்கள் முடித்த ஒன்றின் நிபந்தனையைப் பின்னால் மாற்றப் போனால் மூடுல் பூட்டைத் திறக்கச் சொல்லும். திறந்து மாற்றிச் சேமித்தால், அதுவரை பதிவான நிறைவு நிலை எல்லாருக்கும் அழிந்துபோகும். மதிப்பெண் சார்ந்தவற்றை மூடுலே மறுபடி கணக்கிட்டுக்கொள்ளும். ‘திறந்து பார்த்தார்’ போன்றவற்றை மீட்க முடியாது. “போன வாரம் வரை பச்சையாக இருந்தது, இப்போது எல்லாம் காலி” என்று ஆசிரியர்கள் பதறி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

அசைன்மென்டில் இன்னொரு கண்ணி உண்டு. ‘மாணவர் சப்மிட் பொத்தானை அழுத்த வேண்டும்’ என்ற அமைப்பு இயக்கப்பட்டிருந்தால், கோப்பை ஏற்றிவிட்டு அந்தப் பொத்தானை அழுத்தாமல் போகிறவரின் வேலை ‘டிராஃப்ட்’ ஆகவே கிடக்கும். அவர் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். ரிப்போர்ட் கொடுக்கவில்லை என்று சொல்லும். தேவையில்லாத இடத்தில் இந்த அமைப்பை நிறுத்திவிடுங்கள்.

4. மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்

முதல் வகுப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். எதைப் பார்ப்பீர்கள், எதற்காகப் பார்ப்பீர்கள், வேறு யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று தமிழில் தெளிவாகச் சொல்லுங்கள். “லாகின் எண்ணிக்கைக்கு மார்க் கிடையாது” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மார்க் உண்டு என்று நினைத்துவிட்டால், அடுத்த நாள் முதல் வெறும் கிளிக்குகளாகக் குவியும். உங்கள் பதிவுகள் எதற்கும் உதவாமல் போகும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கணக்கில் கொள்கிறது. முதலாண்டு வகுப்பில் 17 வயதினர் இருப்பார்கள். எனவே ரிப்போர்ட்டைப் பதிவிறக்கித் துறை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பெயரும் பதிவெண்ணுமாக ‘வேலை செய்யாதவர்கள்’ பட்டியல் ஒருமுறை வெளியே போனால் அதைத் திரும்ப அள்ள முடியாது.

5. முதல் இரண்டு வாரம் பார்க்க மட்டும் செய்யுங்கள்

உங்கள் வகுப்பின் இயல்பு என்ன என்று தெரியாமல் எது விலகல் என்று சொல்ல முடியாது. இந்த இரண்டு வாரத்தில் ‘ரிப்போர்ட்ஸ்’ பகுதியில் ‘லாக்ஸ்’ திறந்து, ஏதாவது ஒரு நாளை மட்டும் எடுத்து நிதானமாக வாசியுங்கள்.

‘ஆரிஜின்’ என்று ஒரு நிரல் (நெடுவரிசை) இருக்கும். ‘வெப்’ என்றால் பிரவுசர். ‘டபிள்யூஎஸ்’ என்றால் பெரும்பாலும் மொபைல் செயலி. இரண்டாவதுதான் அதிகம் என்றால் உங்கள் குவிஸையும் அகல அட்டவணைகளையும் நீங்களே ஒரு சிறிய போனில் திறந்து பாருங்கள். மாணவர் ஏன் பாதியில் விடுகிறார் என்பது அங்கேயே புரிந்துவிடலாம்.

நேரத்தையும் கவனியுங்கள். இரவு 11 மணியை ஒட்டி நடமாட்டம் கூடுகிறதா? நம் ஊர் பிரீபெய்ட் திட்டங்கள் பலவற்றில் தினசரி டேட்டா நள்ளிரவோடு முடிந்து புதிதாகத் தொடங்குகிறது. மீதமிருக்கும் டேட்டாவில் பாடத்தை இறக்கிக்கொள்கிற மாணவருக்கு, மாலை 5 மணிக்கு முடியும் கெடு பொருந்தாது. அதை இரவு 11.59-க்குத் தள்ளுவதற்கு உங்களுக்குச் செலவு எதுவும் இல்லை.

லாகில் தெரியாதவற்றையும் மனத்தில் வையுங்கள். யூடியூப் இணைப்பு கொடுத்திருந்தால் மாணவர் இணைப்பைத் தொட்டது மட்டும்தான் பதிவாகும். வீடியோவைப் பார்த்தாரா என்பது தெரியாது. பிடிஎஃபை முதல் நாளே இறக்கிப் பிரிண்ட் எடுத்துப் படிப்பவர், லாகில் ‘வராதவர்’ போலவே தெரிவார். தோழியின் போனில் சேர்ந்து பார்ப்பவருக்குப் பதிவே இருக்காது. ஒரே ஐபி முகவரியில் பலர் இருந்தால் அதைக் காப்பி அடித்ததற்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். மொபைல் நெட்வொர்க்குகளில் ஏராளமானோர் ஒரே வெளி முகவரியைப் பகிர்கிறார்கள். விடுதி வைஃபையிலும் அப்படித்தான்.

6. மூன்று அறிகுறிகளுக்கு மேல் வேண்டாம்

நான் பரிந்துரைப்பவை இவை: கடந்த 7 நாளாகப் பாடத்துக்குள் வரவில்லை, கடைசியாக முடிந்த அசைன்மென்டைக் கொடுக்கவில்லை, கடைசிக் குவிஸில் 40 விழுக்காட்டுக்குக் கீழ் வாங்கியிருக்கிறார் அல்லது தன் முந்தைய மதிப்பெண்ணிலிருந்து பெரிதாக இறங்கியிருக்கிறார்.

கிளிக் எண்ணிக்கையை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. ஒரே பக்கத்தை 30 முறை திறந்தவர் ஆர்வமாகப் படிப்பவராகவும் இருக்கலாம், இணைப்பு அறுந்து அறுந்து தவிப்பவராகவும் இருக்கலாம்.

மூன்றில் ஒன்று மட்டும் இருந்தால் அடுத்த வாரம் பார்க்கலாம். இரண்டு இருந்தால் பேச வேண்டும். அசைன்மென்ட் வராமல் போவது மட்டும் விதிவிலக்கு. இரண்டு அசைன்மென்ட் தொடர்ந்து வராவிட்டால் மற்ற எதையும் பார்க்காமல் பேசுங்கள்.

எல்லைக்கோட்டை உங்கள் சக்திக்கு ஏற்ப வையுங்கள். 60 பேர் வகுப்பில் 25 பேரைக் காட்டும் கோட்டால் பயன் இல்லை, ஏனென்றால் அத்தனை பேருடன் வாரத்தில் உட்கார்ந்து பேச ஆசிரியரால் முடியாது. ஏழெட்டுப் பேர் வருகிற மாதிரி கோட்டை நகர்த்துங்கள். 25 பேர் வருகிறார்கள் என்றால் அது தனி மாணவர் பிரச்சினையே அல்ல. 8ஆம் படிக்குப் போங்கள்.

7. வாரப் பட்டியலைத் தயாரிப்பது

நாளை நிலையாக வையுங்கள். புதன்கிழமை எனக்குப் பிடித்த நாள். வார இறுதி வேலைகள் பதிவாகியிருக்கும்; பேசுவதற்கு வியாழன், வெள்ளி மிச்சமிருக்கும். வெள்ளி மாலை பட்டியல் எடுத்தால் திங்கள் வரை சும்மா கிடக்கும்.

‘பார்ட்டிசிபன்ட்ஸ்’ பக்கத்தில் ‘இன்ஆக்டிவ் ஃபார் மோர் தேன்’ வடிகட்டியில் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். இங்கே காட்டுவது உங்கள் பாடத்துக்குள் கடைசியாக வந்த நேரம். தளத்துக்குள் வந்த நேரம் வேறு, மாணவரின் புரொஃபைலில் இருக்கும். தளத்துக்கு நேற்று வந்தவர் உங்கள் பாடத்துக்கு மூன்று வாரமாக வராமல் இருக்கலாம். அந்த வித்தியாசமே ஒரு தகவல்: இணைய வசதி இருக்கிறது, உங்கள் பாடத்தில்தான் ஏதோ தடை.

அசைன்மென்டுக்கு ‘ரிப்போர்ட்ஸ்’ உள்ளே ‘ஆக்டிவிட்டி கம்ப்ளீஷன்’ பாருங்கள். குறிப்பிட்ட ஒன்றில் பங்கேற்காதவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்ப ‘கோர்ஸ் பார்ட்டிசிபேஷன்’ வசதியானது. டிராஃப்ட்டில் நிற்பவர்களை அசைன்மென்டின் சமர்ப்பிப்புப் பட்டியலில் தனியாகப் பிரித்து, “ஒரு பொத்தான் பாக்கி இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இனி எக்செல். ஆசிரியர்கள் அதிக நேரத்தை வீணாக்குவது இங்கேதான்.

ரிப்போர்ட்டைப் பதிவிறக்கும்போது கிடைக்கும் சிஎஸ்வி கோப்பை (வெறும் எழுத்து வடிவ அட்டவணை) நேரடியாக இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். தமிழில் உள்ள பெயர்கள் புரியாத குறிகளாக மாறலாம். ‘டேட்டா’ மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ கொடுத்து, 65001 யூனிகோடு யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பதிவெண் நிரலை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். 12 இலக்கப் பதிவெண்ணை எக்செல் 7.11E+11 என்று சுருக்கிக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருக்கிய வடிவமே சேமிக்கப்பட்டு, முழு எண்கள் போயே போய்விடும்.

இரண்டு கோப்புகளை இணைக்கும்போது பெயரை வைத்து இணைக்காதீர்கள். ஒரு கோப்பில் ‘கவிதா எம்’, இன்னொன்றில் ‘எம். கவிதா’, மூன்றாவதில் புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லை. அதோடு ஒரே வகுப்பில் இரண்டு கவிதாக்கள். பதிவெண்ணை வைத்து ‘விலுக்கப்’ (இரு அட்டவணைகளைப் பொருத்தும் எக்செல் சூத்திரம்) போட்டால் தவறான ஆளுக்கு எச்சரிக்கை போகாது.

8. மாணவரை அழைப்பதற்கு முன் நம் பக்கத்தைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். எனக்கு இதுதான் மிக முக்கியமான படி.

வகுப்பில் பாதிப் பேர் ஒரே இடத்தில் நின்றால் குறை பாடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். இணைப்பு திறக்கிறதா? கோப்பு மாணவர் கண்ணுக்கு மறைக்கப்பட்டிருக்கிறதா? முந்தைய அசைன்மென்டை நீங்கள் திருத்திக் கொடுத்துவிட்டீர்களா? முதல் வேலைக்குப் பதிலே வராத மாணவர் இரண்டாவதை எழுத ஏன் மெனக்கெட வேண்டும்? அசைன்மென்ட் பக்கத்தில் திருத்தப்பட வேண்டியவற்றின் எண்ணிக்கை தெரியும். அது பெரிதாக இருந்தால் இந்த வாரத்து வேலை அதுதான்.

குவிஸுக்கு ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ ரிப்போர்ட்டைத் திறங்கள். முதல் முயற்சிகளை மட்டும் வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். பலமுறை எழுத அனுமதித்த குவிஸில் பின்னால் வரும் முயற்சிகள் விடை தெரிந்த பிறகு எழுதியவை. இரண்டு நிரல்கள் போதும். ‘ஃபெசிலிட்டி இண்டெக்ஸ்’ என்பது அந்தக் கேள்விக்கு வகுப்பு வாங்கிய சராசரி மதிப்பெண் விழுக்காடு. ‘டிஸ்கிரிமினேஷன் இண்டெக்ஸ்’ என்பது, குவிஸின் மற்றக் கேள்விகளை நன்றாக எழுதியவர்கள் இதையும் நன்றாக எழுதினார்களா என்பதன் அளவு. இது 30-க்கு மேல் இருந்தால் கேள்வி பரவாயில்லை. 20-க்குக் கீழ் போனால் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். கழித்தல் குறியோடு வந்தால் கேள்வியிலோ விடைக்குறிப்பிலோ கோளாறு என்று முதலில் சந்தேகியுங்கள்.

ஒரு கணக்குப்பதிவியல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இயந்திரத்தின் விலை ரூ.1,00,000, எறிமதிப்பு (ஆயுள் முடிவில் விற்றால் கிடைக்கும் தொகை) ரூ.10,000, ஆயுள் 10 ஆண்டு. நேர்கோட்டு முறையில் ஆண்டுத் தேய்மானம் எவ்வளவு? சரியான விடை ரூ.9,000. வகுப்பின் சராசரி 25 விழுக்காடுதான் என்று வைத்துக்கொள்வோம். கேள்வியின் பெயரைச் சொடுக்கினால் ஒவ்வொரு விடையையும் எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று காட்டும்.

பெரும்பாலோர் ரூ.10,000 என்று போட்டிருக்கிறார்கள், டிஸ்கிரிமினேஷன் 40. நன்றாகப் படிப்பவர்கள் சரியாகச் செய்திருக்கிறார்கள். மற்றவர்கள் எறிமதிப்பைக் கழிக்க மறந்திருக்கிறார்கள். கேள்வியில் குறை இல்லை. அடுத்த வகுப்பில் பத்து நிமிடம் அந்த ஒரு படியை மட்டும் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

அதே 25 விழுக்காடு, ஆனால் டிஸ்கிரிமினேஷன் கழித்தல் 20, பெரும்பாலோர் ரூ.9,000 போட்டிருக்கிறார்கள். கதையே வேறு. விடைக்குறிப்பில் ரூ.10,000 சரி என்று பதிவாகியிருக்கிறது. நன்றாகப் படிப்பவர்கள்தான் மதிப்பெண் இழந்திருக்கிறார்கள். குறிப்பைத் திருத்தி, குவிஸ் முடிவுகளில் ‘ரீகிரேடு’ (மறுபடி மதிப்பெண் கணக்கிடு) கொடுங்கள். இதைப் பார்க்காமல் 40-க்குக் கீழ் வாங்கியவர்களை அழைத்திருந்தால் யாரைக் கண்டித்திருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: 15, 20 பேர் எழுதிய குவிஸில் இந்த எண்கள் ஓரிரு மாணவர்களாலேயே தாறுமாறாக ஆடும். அங்கே விடைத் தேர்வுகளை மட்டும் பாருங்கள்.

9. மாணவரிடம் பேசுவது

பட்டியலில் மிச்சமிருக்கும் பெயர்கள் இப்போது நிஜமாகவே பேச வேண்டியவர்கள். முதல் செய்தி மூடுல் வழியாகவோ வாட்ஸ்அப்பில் தனியாகவோ போகலாம். அதில் எண்களை அடுக்காதீர்கள்.

இப்படி எழுதினால் கதவு மூடிக்கொள்ளும்: “கடந்த 9 நாளாக நீங்கள் லாகின் செய்யவில்லை. தொடர்ந்தால் பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும்.” மாணவர் உடனே ஒருமுறை லாகின் செய்துவிட்டு வெளியேறுவார். உங்கள் பட்டியல் சுத்தமாகிவிடும், அவர் நிலை மாறாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: “வணக்கம் கவிதா. ரெண்டாவது அசைன்மென்ட் இன்னும் வரலை, அதான் கேக்குறேன். திறக்கிறதுல ஏதும் சிக்கலா, இல்ல பாடம் புரியலையா? வியாழன் 4 மணிக்கு டிபார்ட்மென்ட்ல இருப்பேன். வர முடியலைன்னா ஒரு மிஸ்டு கால் கொடும்மா, நானே கூப்பிடுறேன்.”

இதில் மூன்று காரியம் நடக்கிறது. எதைப் பற்றி என்பது தெளிவாக இருக்கிறது. காரணத்தை அவரே சொல்ல இடம் இருக்கிறது. அடுத்து என்ன செய்வது என்பதற்கு நாளும் நேரமும் இருக்கிறது.

பேசும்போது முதல் இரண்டு நிமிடம் கேட்க மட்டும் செய்யுங்கள். “மேம், வீட்ல ஒரே போன்தான். அண்ணன் வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவான், நைட்டுதான் கைக்கு வரும்” என்று வரும் பதிலுக்கு எந்த ரிப்போர்ட்டிலும் நிரல் கிடையாது. தீர்வு மூடுலிலேயே இருக்கிறது: அசைன்மென்டில் ‘ஓவர்ரைட்ஸ்’ போய் அந்த ஒரு மாணவருக்கு மட்டும் கெடுவை நீட்டிக்கலாம். குவிஸுக்கும் அப்படியே செய்யலாம். வகுப்பு முழுவதற்கும் தேதியை மாற்ற வேண்டியதில்லை. யாருக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று மற்ற மாணவர்களுக்குத் தெரியவும் செய்யாது. கல்லூரி லேபில் மாலை ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக் கொடுப்பது இன்னும் நல்லது.

பாடம் புரியவில்லை என்றால் எந்தப் பக்கத்தில் நின்றார் என்று சேர்ந்தே திறந்து பாருங்கள். பகுதிநேர வேலை, உடல்நலம், வீட்டுச் சூழல் என்று பேச்சு போனால் டியூட்டரிடமோ கல்லூரி ஆலோசகரிடமோ மாணவரின் சம்மதத்தோடு கொண்டுபோங்கள். அங்கே மூடுல் பதிவுகளுக்கு வேலை இல்லை.

10. குறித்து வைப்பதும் திரும்பப் பார்ப்பதும்

தேதி, எந்த அறிகுறி, காரணம், என்ன ஒப்புக்கொண்டோம், திரும்பப் பார்க்கும் தேதி என்று ஐந்து நிரல் போதும். காரணத்தைப் பொதுவான சொல்லில் மட்டும் குறியுங்கள்: போன், பாடம், வேலை, சொந்தக் காரணம். வீட்டு விவரங்களையும் மருத்துவ விவரங்களையும் இந்தக் கோப்பில் எழுதவே கூடாது, கோப்புகள் கைமாறும்.

இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போது, லாகின் கூடியதா என்று பார்க்காதீர்கள். ஒப்புக்கொண்ட வேலை வந்ததா என்று பாருங்கள். ‘போன்’ என்ற சொல் நிரலில் திரும்பத் திரும்ப வந்தால், ஒவ்வொருவராகச் சரிசெய்வதை விட்டுவிட்டு லேப் நேரம் கேட்டுத் துறைக் கூட்டத்தில் பேசுங்கள்.

நாம் பேசியதால்தான் மாறினார்கள் என்று அவசரப்பட்டு முடிவு கட்டவும் வேண்டாம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கிய ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ என்ற மென்பொருள் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளால் மாணவரை எச்சரித்தது. அந்த வகுப்புகளை எடுத்தவர்கள் படிப்பைத் தொடர்வது அதிகம் என்றார்கள். 2013இல் அந்தக் கணக்கை மற்றவர்கள் கிளறிப் பார்த்தபோது சிக்கல் தெரிந்தது. அதிக செமஸ்டர்கள் நீடித்தவர்களுக்குத்தானே அத்தகைய வகுப்புகளை அதிகம் எடுக்க வாய்ப்புக் கிடைக்கும்? காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கலாம். நம் சிறிய வகுப்பிலும் இந்தக் குழப்பம் வரும்.

11. துறைத் தலைவர்களுக்கு

இதே ரிப்போர்ட்டுகளை வைத்து ஆசிரியர்களை வரிசைப்படுத்தாதீர்கள். எத்தனை கோப்பு ஏற்றினார் என்று எண்ணினால் கோப்புகள் பெருகும். ஒரு பிடிஎஃப் ஐந்தாகப் பிரியும். மாணவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பதிவுகள் தனக்கு எதிராகத் திரும்பும் என்று தெரிந்த ஆசிரியர் அவற்றைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார்.

கேட்க வேண்டியது: திருத்தாத அசைன்மென்டுகள் ஒருவரிடம் மட்டும் குவிகின்றனவா? அவருக்கு எத்தனை வகுப்புகள்? ஒரே வாரத்தில் ஐந்து பாடங்களின் கெடுவும் விழுகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லாப் பாடங்களின் தேதிகளையும் ஒரே தாளில் எழுதினாலே விடை கிடைக்கும். மாணவர் பட்டியலும் அதனால் பாதியாகச் சுருங்கக்கூடும்.

12. தானியங்கி மாடல்கள்: அவசரம் வேண்டாம்

மூடுல் 3.4 பதிப்பிலிருந்தே கணிக்கும் வசதி உள்ளே இருக்கிறது. சமீபத்தில் பாடத்துக்கு வராதவர்களைக் காட்டுவது போன்ற எளிய மாடல்களுக்குப் பயிற்சி தேவையில்லை; அட்மின் இயக்கிவிடலாம். ‘படிப்பை விட்டுவிடும் அபாயத்தில் உள்ளவர்கள்’ என்ற மாடல் வேறு வகை. உங்கள் தளத்தில் முடிந்துபோன பாடங்களை வைத்து அது கற்றுக்கொள்ள வேண்டும். பழைய பாடங்களில் தேதிகளும் நிறைவு நிபந்தனைகளும் இல்லாவிட்டால் அதற்குக் கற்க ஒன்றும் இருக்காது.

இன்னொன்று, பழைய பாடங்களில் போன் இல்லாதவர்கள் அதிகம் தோற்றிருந்தால், மாடல் அதையே விதியாக எடுத்துக்கொள்ளும். குறைந்தது இரண்டு செமஸ்டர் மேலே சொன்னபடி கையால் செய்த பிறகு இதற்கு வாருங்கள். அப்போது அது காட்டும் பெயர்களில் எது சரி, எது தவறு என்று சொல்ல உங்களுக்கே தெரிந்திருக்கும்.

13. செமஸ்டர் முடிந்ததும்

பாடத்தை ‘ரீசெட்’ செய்யும் (அடுத்த வகுப்புக்காகப் பழைய பதிவுகளைக் காலி செய்யும்) முன் குவிஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் நிறைவு ரிப்போர்ட்டையும் பதிவிறக்கி வையுங்கள். ரீசெட்டில் முயற்சிகளையும் சமர்ப்பிப்புகளையும் நீக்கத் தேர்ந்தெடுத்துவிட்டால் அவை திரும்ப வராது. கேள்விகளின் எண்கள் அடுத்த ஆண்டு பாடத்தைச் சீர்செய்ய வேண்டும்; அதற்கு மாணவர் பெயர் தேவையில்லை, அந்த நிரலை நீக்கிவிடுங்கள். நீங்கள் பேசியதைக் குறித்து வைத்த கோப்பை, மாணவர்களிடம் சொன்ன தேதியில் அழியுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் மின்னஞ்சலிலும் கிடக்கும் பிரதிகளையும் மறக்க வேண்டாம்.

ரீசெட்டில் புதிய தொடக்கத் தேதி கொடுத்தால் அசைன்மென்ட், குவிஸ் தேதிகளையும் மூடுல் அதே அளவு நகர்த்தும். நகர்ந்த தேதிகளை ஒவ்வொன்றாகக் காலண்டரோடு ஒப்பிடுங்கள். முதல் அசைன்மென்டின் கெடு பொங்கல் விடுமுறைக்குள் போய் விழுந்திருந்தால், ஊருக்குப் போன பாதி வகுப்பும் உங்கள் முதல் புதன்கிழமைப் பட்டியலில் ஏறிவிடும்.